மீண்டும் படிக்கும் நாவல்

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராண படனம் நடைபெறும் முறையை நேயர்கள் அறிவார்கள். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். சுற்றியிருந்து கேட்போருள் அந்தக் கதையை அறியாதவர் எவருமிலர். சூரபன்மன் முடிவில் என்ன ஆவான் என்பது அங்கே தாயின் மடியில் இருக்கும் பிள்ளைக்குந் தெரியும். தெரிந்திருந்தும் ஆண்டுதோறும் அதே கதையைக் கேட்க ஊர் கூடுகின்றது. இவ்வழக்கம் குடாநாட்டு மக்களின் வாழ்வில் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதை உணர்த்தும் பொருட்டே, பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் கந்தபுராண கலாசாரம் என்னுந் தொடரை வழங்கினார்கள்.

ஒன்றையே பலமுறை கேட்டலும் படித்தலும் தமிழ் மரபுக்குப் புதியன அல்ல. பாடத்தை இருமுறை கேட்பவனுக்குப் பிழை குறையும் என்றும், மும்முறை கேட்பவன் அதனை முறையறிந்து பிறர்க்கு உரைக்க வல்லவன் ஆவான் என்றும் நன்னூலார் வகுத்துள்ளார். பண்புடையார் நட்பின் இனிமையைச் சொல்லப் புகுந்த திருவள்ளுவர், படிக்குந்தோறும் புதிய நயம் தோன்றும் நூலையே அதற்கு உவமையாகக் காட்டினார்.

ஆனால் இவையெல்லாம் இலக்கணத்துக்கும் காவியத்துக்கும் புராணத்துக்கும் பொருந்துமேயன்றி நாவலுக்குப் பொருந்துமா என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நாவல், அடுத்து என்ன நடக்கும் என்னும் ஆவலைத் தூண்டி வளர்வது. அந்த ஆவல் தீர்ந்தபின் நூலில் எஞ்சுவது என்ன? சாறு பிழிந்த கரும்பைப் போல அதனை எறிந்துவிடலாகாதா? ஒருமுறை படித்த நாவலை மறுமுறை எடுப்பவனைக் கண்டு, வேறு வேலை இல்லாதவன் என்று வீட்டார் நினைப்பதும் உண்டு. இந்தக் கேள்விக்கு விடை காண, யாழ்ப்பாணத்து வாசகர்கள் நன்கு அறிந்த நாவல் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வது பொருத்தமாகும். அது கல்கியின் பொன்னியின் செல்வன்.

1950ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் கல்கி வார இதழில் தொடங்கிய இந்தக் கதை, 1954ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்தது. தமிழகத்து இதழ்கள் கடல் கடந்து இங்கே வந்துகொண்டிருந்த காலம் அது. ஊர் வாசிகசாலையில் ஓர் இதழ் பல கைகள் மாறும். கடைசியாக வாங்கியவர் கையிலே அட்டை கழன்றுபோன இதழே கிடைக்கும். அத்தியாயங்களை மாத்திரம் கழற்றியெடுத்து ஓவியர் மணியத்தின் படங்களோடு சேர்த்துக் கட்டி வைத்த வீடுகளும் பல.

வலிகாமத்திலே 1937ஆம் ஆண்டு பிறந்த வாசகர் ஒருவர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1952ஆம் ஆண்டில் அவருக்கு வயது பதினைந்து. அந்த வயதில் அவர் கண்ணுக்குப் பட்டது யார்? ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையிலே குதிரைமேல் வரும் வந்தியத்தேவன். அவனுடைய துணிவும் குறும்பும் அவசர புத்தியும் பதினைந்து வயதுக்கு உரியவை. அவன் தப்புவானா, பிடிபடுவானா என்பதே அவ்வாசகரின் கவலை. நந்தினி பேசும் இடம் வந்தால் அச்சம். தஞ்சை அரண்மனையிலே நோயுற்றுக் கிடக்கும் சுந்தர சோழர் நெடுநேரம் பேசத் தொடங்கினால் பக்கத்தைப் புரட்டிவிடுவது வழக்கம். சக்கரவர்த்தி இரவிலே காணும் பெண்ணுருவம் ஆவியா, மனிதப் பிறவியா என்று அறிவதோடு அவருடைய ஆவல் முடிந்துவிடும். இது குறையன்று. முதல் வாசிப்புக்கு உரிய தருமமே அதுதான்.

அவரே நாற்பது வயதைக் கடந்து, வளர்ந்த பிள்ளைகளுக்குத் தந்தையாக, அதே நூலை மறுமுறை எடுக்கிறார். இப்போது வந்தியத்தேவன் தப்புவான் என்பது தெரியும். ஆகவே அவன் பின்னால் ஓட வேண்டிய அவசரம் இல்லை. அன்று தாண்டிச் சென்ற பக்கத்தில் அவர் கண் நின்றுவிடுகிறது. தன்னால் ஒருத்தி கடலில் வீழ்ந்து இறந்தாள் என்று நம்பி, அந்த நம்பிக்கையை யாரிடமும் சொல்ல மாட்டாமல், அரியணையில் இருந்துகொண்டே வெந்துபோன ஒரு மனிதரை அங்கே காண்கிறார். முதல் வாசிப்பில் பேய்க்கதையாக இருந்தது இரண்டாம் வாசிப்பிலே குற்றவுணர்வின் கதையாகின்றது. எழுத்திலே ஓர் அட்சரமும் மாறவில்லை. சுந்தர சோழர் அன்றும் அதே சொற்களைத்தான் சொன்னார். கேட்கும் செவி அப்போது இல்லை.

இன்னொன்றையும் நோக்கலாம். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்னும் வினாவுக்குக் கல்கி ஐயத்திற்கு இடமில்லாத விடை தரவில்லை. வரலாற்றிலே, இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, அக்கொலையிலே துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய சகோதரரைக் குறிப்பிடுகின்றது. நாவலிலோ கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்த அந்த நாழிகை இருளிலேயே விடப்பட்டுள்ளது. முதன்முறை படிப்பவனுக்கு இது ஏமாற்றம். ஐந்து பாகங்களைப் படித்தும் கொலைகாரன் யாரென்று திட்டமாகச் சொல்லவில்லையே என்று ஆசிரியரை நொந்துகொள்வான். மறுமுறை படிப்பவனுக்கு அந்த இருளே பொருளாகின்றது. கரிகாலன் சாகும் முன்பே அவன் சாவில் எத்தனை பேருக்குப் பங்கு இருந்தது என்பதை அவன் எண்ணத் தொடங்குகிறான். பழைய பகைக்கும், பேராசைக்கும், பேசாதிருந்தவர்களின் மௌனத்துக்கும், கரிகாலனின் சொந்தக் கோபத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று கண்டுகொள்கிறான். யார் செய்தார் என்னும் கேள்வி ஏன் நடந்தது என்னும் கேள்வியாக முதிர்கின்றது.

இதுவரை சொல்லியது வயதினால் வரும் மாற்றம். இது எந்நாட்டு வாசகனுக்கும் உரியது. செர்வாண்டிஸ் 1605ஆம் ஆண்டிலும் 1615ஆம் ஆண்டிலும் இரு பாகங்களாக வெளியிட்ட டொன் குவிக்சோட் என்னும் நாவலை அக்கால மக்கள் வயிறு குலுங்கச் சிரிப்பதற்காகவே படித்தனர். இரு நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்களோ, காற்றாலையை அரக்கன் என்று எண்ணிப் பாய்ந்த அந்தக் கிழவரிடம், உயர்ந்த கனவு ஒன்று உலகத்தோடு மோதி நொறுங்கும் துயரைக் கண்டனர். தனி மனிதனுக்கு வயது முதிர்வது போலச் சமுதாயத்துக்கும் வயது முதிர்கின்றது. அதன் வாசிப்பும் மாறுகின்றது.

ஆயினும் யாழ்ப்பாணத்து வாசகருக்கு வேறொரு மாற்றமும் நேர்ந்தது. அவருக்கு வயது ஏறியது மாத்திரமன்று. அவர் நின்ற நிலமே மாறிப்போயிற்று.

பொன்னியின் செல்வனின் இரண்டாம் பாகம் ஈழத்துக்கு வருகின்றது. கோடிக்கரையிலே கலங்கரை விளக்கம் காப்பவரின் மகள் பூங்குழலி, இரவிலே தன் படகில் வந்தியத்தேவனை ஏற்றிக் கடலைக் கடக்கிறாள். பின்னர் யானையிறவும் தொண்டைமானாறும் கதையிலே வருகின்றன. 1952ஆம் ஆண்டின் பதினைந்து வயது வாசகருக்கு இந்தப் பெயர்கள் அளித்த மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று. தொண்டைமானாறு, செல்வச்சந்நிதி முருகனைக் கும்பிடப் போகையில் வண்டியிலிருந்து அவர் கண்ட ஆறு. யானையிறவு, புகைவண்டியின் யன்னலோரத்திலே உப்பளம் வெளுத்துக் கிடக்கும் இடம். தமிழகமெங்கும் படிக்கப்படும் கதையிலே தம் ஊர்ப் பெயர் அச்சாகி வந்திருக்கிறதே என்னும் பெருமையே அப்போது அவருக்கு எழுந்தது.

பூங்குழலியின் படகும் அன்றைக்கு வீரச் செயலின் சின்னமாகவே தோன்றியது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கடல் என்பது அச்சந்தரும் எல்லையன்று, அக்கரைக்கு வழி.

1983ஆம் ஆண்டுக்குப்பின் அந்தக் கடலைப் பல்லாயிரவர் இரவிலே படகேறிக் கடந்தனர். அவர்கள் ஓலை கொண்டுபோன வீரர்கள் அல்லர்; கைக்குழந்தையோடும் கட்டிய துணியோடும் போன அகதிகள். போனவர்களுள் அக்கரை சேராதவரும் உண்டு. யானையிறவு 1991ஆம் ஆண்டிலும் 2000ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டிலும் போர்ச் செய்திகளில் அடிபட்ட பெயராயிற்று. இவற்றின் பின்னர் அந்த இரண்டாம் பாகத்தைத் திறப்பவரின் உள்ளம் பழைய துள்ளலோடு படிக்குமா? இருளில் துடுப்பின் ஓசை கேட்கும் இடத்தில் அவர் நினைவில் வேறு படகுகள் வருகின்றன. புயலில் மரக்கலம் உடையும் இடத்தில் அவர் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே போய் நிற்கவும் கூடும். கல்கி 1954ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்துவிட்டார். அவர் எழுதாத ஒன்றை அந்தப் பக்கத்தில் எழுதிச் சேர்த்தது காலம்.

செங்கை ஆழியானின் வாடைக்காற்றுக்கும் இத்தகைய மாற்றம் நேர்ந்தது. 1973ஆம் ஆண்டு வெளிவந்த அந்நாவல், வாடைக் காலத்திலே நெடுந்தீவுக்குத் தொழில் செய்ய வந்து கரையிலே வாடி அமைத்துத் தங்கும் மீனவரையும், அத்தீவின் மக்களையும் பற்றியது. 1978ஆம் ஆண்டு அது திரைப்படமாகவும் வந்தது. முதலில் படித்தவர்கள் அதனைக் காதலும் பகையும் கலந்த கதையாகப் படித்தார்கள். அதில் வரும் கடலை அவர்கள் கவனிக்கவில்லை. அது வீட்டுக்குப் பக்கத்தில் கிடந்ததன்றோ? பின்னர் போர்க்காலத்திலே கடற்றொழிலுக்குத் தடைகள் வந்தன. கடலுக்குப் போகும் நேரமும் தூரமும் கட்டுப்படுத்தப்பட்டன. அவ்வாண்டுகளில் இந்நாவலைத் திரும்ப எடுத்தவர், காதலர்களை விட்டுவிட்டு, வள்ளத்தை வேண்டிய நேரத்தில் கடலில் இறக்கும் அந்தச் சாதாரண உரிமையைக் கண்டு பெருமூச்செறிந்திருப்பார். கதையின் பின்னணியாக இருந்தது கதையின் நெஞ்சாயிற்று.

நிலம் மாறுவதால் உண்டாகும் இந்த உருக்கம் உண்மையானதே. எனினும் மறுவாசிப்பு உருக்கத்தோடு நின்றுவிடுமானால், அது பழம் நினைவுகளைத் தாலாட்டும் தொட்டிலாகவே முடியும். அதற்கு அப்பாலும் ஒரு படி உண்டு. அது விரும்பிய நூலிடம் வினாக் கேட்கும் படி.

பொன்னியின் செல்வனில் அருள்மொழிவர்மர் ஈழத்து மக்களுக்குத் துன்பம் வராதபடி படை நடத்துகிறார். அநுராதபுரத்திலே சிதைந்த விகாரைகளைத் திருத்தச் சொல்லுகிறார். பிக்குகள் மணிமுடியை அளிக்க முன்வந்தபோது அதனை மறுக்கிறார். படிப்பவர் உள்ளம் குளிரும் பகுதிகள் இவை. ஆனால் இலங்கை வரலாற்றையும் உடன் கற்றவர், சோழர் ஆட்சியிலே தலைநகரம் அநுராதபுரத்தை விட்டுப் பொலனறுவைக்கு மாறியதை அறிவார். 1017ஆம் ஆண்டளவில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டதையும், விகாரைகள் சூறையாடப்பட்டதாகச் சூளவம்சம் வருந்தி எழுதியிருப்பதையும் அவர் படித்திருப்பார். அப்போது அவர் உள்ளத்தில் ஒரு நெருடல் எழுகின்றது. கதையில் வரும் கருணை மிக்க படையெடுப்பை, உண்மையான படையெடுப்பின் நடுவே வாழ்ந்த மக்கள் எப்படிப் படிப்பார்கள்? போரைக் கண்டறியாத வயதில் எழாத இக்கேள்வி, போரைக் கண்ட வயதில் எழாமலிருக்க முடியாது.

இதனால் கல்கி பொய்யுரைத்தார் என்று ஆகிவிடாது. அவர் எழுதியது வரலாற்று நூலன்று, நாவல். இந்தியா விடுதலை பெற்று மூன்றே ஆண்டுகள் சென்றிருந்த வேளையில், அதிகாரத்தைக் கையில் பெற்றவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்னும் கனவை அவர் ஓர் இளவரசன் மேல் ஏற்றிக் காட்டினார். கடைசிப் பாகத்துக்குத் தியாகச் சிகரம் என்று பெயர் வைத்ததும் அக்கனவின் பாற்பட்டதே. முதல் வாசிப்பில் அருள்மொழிவர்மர் இப்படித்தான் இருந்தார் என்று நம்பியவர், மூன்றாம் வாசிப்பில், ஆள்வோர் இப்படி இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கிய எழுத்தாளர் ஒருவரைக் காண்கிறார். நாயகனிடத்தில் வைத்த அன்பு குறைந்திருக்கலாம். எழுதியவர்மேல் மதிப்புக் கூடுகின்றது.

இன்னொரு வினாவும் உண்டு. பூக்கைங்கரியம் செய்யும் எளிய வாலிபனாக அறிமுகமாகும் சேந்தன் அமுதன், உண்மையில் அரச குலத்தில் பிறந்தவன் என்று கதை முடிவில் தெரிகின்றது. முதன்முறை படிப்போர்க்கு அது வியப்பூட்டும் திருப்பம். ஆனால் மறுமுறை படிக்கும் ஒருவர் இப்படிக் கேட்கலாம்: அவனுடைய பொறுமைக்கும் நல்லியல்புக்கும் அரச குலப் பிறப்பு ஏன் வேண்டும்? வாய் பேசாத அந்த ஏழைத் தாயின் மகனாகவே அவன் இருந்துவிட்டால் அந்தக் குணங்கள் அவனுக்குப் பொருந்தாவோ? மற்றொரு பக்கத்தையும் அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். அரண்மனையில் வளர்ந்து முடிக்கு ஆசைப்படும் மதுராந்தகன் அக்குலத்தவன் அல்லன் என்பதும் அதே கதையில் உண்டு. பிறப்பை நம்பிக் கட்டிய உரிமை எவ்வளவு பலவீனமானது என்று கல்கியே சொல்லாமற் சொல்லுகிறார் என்றும் வாதிக்கலாம். நல்ல நாவலிடம் கேட்கும் வினாவுக்கு அந்நாவலே எதிர்வாதமும் வைத்திருக்கும்.

பிறப்பைப் பற்றிய இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்து வாசகரை அவருடைய சொந்த வாசலுக்கே கொண்டுவந்து விடுகின்றது. அங்கே காத்திருப்பது கே. டானியலின் பஞ்சமர். 1972ஆம் ஆண்டு அந்நாவல் வெளிவந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே நிறைவேறியிருந்தது. எனினும் தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைவதற்கு அறுபதுகளின் இறுதியிலும் போராட வேண்டியிருந்தது. மாவிட்டபுரத்தில் 1968ஆம் ஆண்டு நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் நாடறிந்தது. அந்தச் சூட்டோடு வந்த நூலை அன்று படித்தவர்கள் இரு பிரிவாகப் பிரிந்தனர். இஃது இலக்கியமா, பிரசாரமா என்று ஒரு சாரார் கேட்டனர். தம் வாழ்வும் தம் பேச்சும் முதன்முதலாக அச்சிலே வந்தன என்று மற்றொரு சாரார் நெஞ்சு நிமிர்ந்தனர்.

அரை நூற்றாண்டு கழிந்து அதே நூலைத் திறப்பவருக்கு முதற் கேள்வி சிறியதாகிவிடுகின்றது. இலக்கியமா பிரசாரமா என்று விவாதித்தவர், அன்று எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு விவாதித்தார் என்பதே இப்போது பெரிய கேள்வி. நூலிலே யாரோ ஒரு கொடியவர் செய்தது என்று படித்துச் சென்ற செயல், தம் வீட்டு முற்றத்தில் மரியாதைக்குரிய பெரியவர்கள் கோபமின்றி, குரல் உயர்த்தாமல், நாள்தோறும் செய்து வந்ததுதான் என்பதை மறுவாசிப்புக் காட்டுகின்றது. வேலிக்கு அப்பால் நின்று படித்த குடும்பத்தில் பிறந்தவருக்கும் வேலிக்கு இப்பால் நின்று படித்த குடும்பத்தில் பிறந்தவருக்கும் அந்நூல் ஒன்றாக இராது. அவ்விருவரும் ஒரு மேசையில் இருந்து அதனைப் படித்துப் பேசுவார்களானால், அதனினும் பயனுள்ள வாசிப்பு யாழ்ப்பாணத்துக்கு வேறொன்று இல்லை. டானியல் 1986ஆம் ஆண்டு தஞ்சாவூரில் காலமானார். அவர் தொடங்கிவைத்த அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

மறுவாசிப்பிலே எல்லா நூலும் வளரும் என்று எண்ணிவிடலாகாது. சில நூல்கள் சுருங்கிவிடும். இளமையில் கண்ணீர் வரவழைத்த வசனம், முதுமையில் வெறும் ஓசையாகக் கேட்கும். அப்பொழுது இதற்கா அழுதோம் என்று வெட்கப்படுவது இயல்பு. ஆனால் அந்த வெட்கம் தேவையற்றது. சிறு பிள்ளையின் சட்டை இப்போது பொருந்தவில்லை என்பதற்காக, அன்று அது குளிரைத் தடுக்கவில்லை என்று யார் சொல்வார்? ஏணியின் முதற்படி தாழ்ந்தது என்று அதனை அறுத்துவிட்டால், மேற்படிக்கு ஏற வழியில்லை.

மறுமுறை படிப்பதற்கு வயதும் மனமும் மாத்திரம் போதா; நூல் இருக்க வேண்டும். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கி மறுநாள் வரை யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றிலே கிடைத்தற்கரிய சுவடிகள் இருந்தன. அவற்றைப் பற்றி உலகம் பேசியது. ஆனால் இளைஞன் ஒருவன் முதன்முறை படித்து, பிறகொரு நாள் திரும்ப எடுக்கலாம் என்று வைத்துப் போன சாதாரண நாவல்களும் அங்கே இருந்தன. அவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு விட்டு வெளியேறியபோது, எத்தனையோ அலமாரிகள் திறந்தபடி கிடந்தன. அரிசியும் மருந்தும் சுமக்கவே தோள் போதாத இரவில் ஐந்து பாகம் நாவலை யார் சுமப்பார்?

ஆயினும் அந்தக் காலமே மறுவாசிப்பின் காலமுமாயிற்று. பொருளாதாரத் தடையால் காகிதம் வராமல், அப்பியாசக் கொப்பித் தாளிலே பத்திரிகை அச்சிடப்பட்ட ஊரிலே, புதிய நாவல் எங்கிருந்து வரும்? மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில், குப்பி விளக்கின் சிறு வெளிச்சத்திலே, வீட்டில் எஞ்சியிருந்த பழைய நூல்களையே மக்கள் திரும்பத் திரும்பப் படித்தனர். புதிய நூல் வராத ஊரில் பழைய நூலே புதிய நூலாயிற்று. நூலும் கிட்டாதவர்கள் நினைவிலிருந்து கதை சொன்னார்கள். அதுவும் ஒருவகை மறுவாசிப்பே.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. பொது நூலகம் மீண்டும் கட்டப்பட்டு வாசகருக்குத் திறந்திருக்கிறது. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேகரித்து இணையத்தில் வழங்கிவருகின்றது. 2022ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் பொன்னியின் செல்வன் திரைப்படமாக வந்தபின், புதிய தலைமுறை அந்நூலைத் தேடி எடுத்தது. வலிகாமத்து வாசகருக்கு இப்போது எண்பது வயதைக் கடந்துவிட்டது. அவருடைய பேத்தி அந்நூலை முதன்முறையாகப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் அதே வந்தியத்தேவனோடு அதே ஏரிக்கரையில் நிற்கிறாள்.

இந்த இடத்திலேதான் பெற்றோரும் ஆசிரியரும் ஒன்றைக் கருதுதல் வேண்டும். தாம் மூன்றாம் வாசிப்பிலே கண்டதை முதல் வாசிப்பில் இருக்கும் பிள்ளைமேல் சுமத்தலாகாது. இது வெறுங் கற்பனை, வரலாறு வேறு, இந்தப் படகு உனக்குத் தெரியாது என்று தொடங்கினால், பிள்ளை நூலை மூடிவிடும். அதன் குதிரை முதலில் ஓடட்டும். யானையிறவு என்னும் பெயரைக் கண்டு அது மகிழட்டும். ஒரு காலத்தில் அந்தப் பெயர் மகிழ்ச்சியைத் தந்தது என்பதை, போரால் அதனை மறந்துபோன முதியவருக்கு நினைவூட்டக் கூடியது அந்தப் பிள்ளையின் முகந்தான். பிள்ளை பின்னொரு நாள் தானாக வினாவும்போது, அந்தப் படகுகளைப் பற்றியும் அந்தக் கிணறுகளைப் பற்றியும் மறைக்காமல் சொல்லவேண்டும். முதல் வாசிப்பின் மகிழ்ச்சியை இளையவர் பெரியவருக்கு அளிக்க, மறுவாசிப்பின் அறிவைப் பெரியவர் இளையவருக்கு அளிக்கலாம். ஒரே நூலை இரு தலைமுறை படித்தாலொழிய இக்கொடுக்கல் வாங்கலுக்கு வழியில்லை.

இதற்குத் துணைசெய்யும் எளிய வழக்கம் ஒன்று உண்டு. ஒரு நாவலைப் படித்து முடித்த ஒவ்வொரு முறையும், அதன் உள்ளட்டையிலே அந்த ஆண்டையும், உள்ளத்தில் நின்ற பாத்திரம் ஒன்றன் பெயரையும் எழுதிவைக்கலாம். பத்தாண்டு கழித்து அதன் கீழே வேறோர் ஆண்டும் வேறொரு பெயரும் சேரும். பின்னர் மகனோ மகளோ அதன் கீழ்த் தம் பெயரையும் குறிக்கக்கூடும். வந்தியத்தேவன் என்று தொடங்கிய அந்தச் சிறு பட்டியல் சுந்தர சோழர் என்றும் பூங்குழலி என்றும் வளர்வதைக் காண்பவர், ஒரு மனிதர் வளர்ந்த வரலாற்றையே அங்கே படிப்பார். புதிய நூல் ஒன்று வாங்கும் நாளிலே, அலமாரியில் நெடுநாள் கைபடாத பழைய நூல் ஒன்றையும் தூசி தட்டி எடுத்து வைப்பார்களானால், அதில் எழுதுவதற்கு இரண்டாவது பெயர் ஒன்று நேயர்களுக்கு நிச்சயமாகக் கிடைக்கும்.